கருப்பு வாசனை வந்தால் கூப்பிடு

மார்ச் 2

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்களை அக்கா என்று எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதினாலும் அது இதைவிட மோசமாக இருந்தது. நான்கு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் இதற்கு வந்து சேர்ந்தேன். நான் அவருடைய இப்போதைய மனைவி. டிசம்பரில் கோர்ட் உத்தரவுப்படி உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு போடுகிறவள்.

போடப் பார்க்கிறவள் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சாப்பிடுவதில்லை. அடம் பிடித்தால்கூடப் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். தட்டைப் பார்த்துவிட்டு, "வேணாங்க ஆன்ட்டி, வயிறு நிறைஞ்சிருக்கு" என்று விருந்துக்கு வந்தவள் மாதிரி சொல்கிறாள். ஏழு வயசுப் பெண் என்னை வாங்க, போங்க என்கிறாள்.

போன வாரம் முதல் முறையாக வாய் திறந்து ஒன்று கேட்டாள். "எங்கம்மா வாணலியில காப்ளர் பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. போனில் தேடினால் எல்லாமே ஓவனில் வைப்பதாக இருக்கிறது. அடியில் பழம், மேலே மாவு என்ற அளவுக்குப் புரிந்தது. செய்து கொடுத்தேன். ஒரு ஸ்பூன் எடுத்தாள். "தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா?

ஏப்ரல் 24 அன்று கடைசி விசாரணை, அவள் யாரிடம் இருப்பது என்று அன்றைக்குத் தீர்மானமாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். என் பையனுக்கு ஏழு மாதம். என் இரண்டு கையும் அவனுக்கே போதவில்லை. அவள் உங்களிடம் வருவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று மனசாரவே நினைக்கிறேன். ஆனால் அதுவரை அவள் உடம்பு தாங்க வேண்டுமே.

போனில் பேசலாம் என்றால், அவர் என் போனை வாரம் ஒரு முறை வாங்கிப் பார்ப்பார். சந்தேகம் எல்லாம் இல்லை, பழக்கம்தான். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலை. எரிந்த கடை, நசுங்கிய கார், தண்ணீர் புகுந்த கிடங்கு என்று பார்த்துப் பார்த்துச் சேதத்தை எழுதுகிறவர் வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா? உங்களுக்குத் தெரியாததா. ஆகவே பதிலை எங்கள் கீழ்த்தளத்துப் பல் மருத்துவமனை முகவரிக்கு எழுதுங்கள். வரவேற்பில் உட்காரும் பெண் எனக்கு வேண்டியவள். முகவரி கீழே.

இன்னொன்று. அவள் நோட்டில் எல்லாம் பட்டாணி என்று எழுதி வைத்திருக்கிறாள். நானும் அப்படிக் கூப்பிடலாமா?


மார்ச் 7

நீ எனக்குத் தங்கச்சி இல்லை. அக்கா என்று எழுதாதே.

பட்டாணி என்ற பெயரை வைத்தது நான். நீ பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லியே கூப்பிடு. அது அவள் அப்பா வைத்தது. இரண்டு பேருக்கும் பொருத்தமாக இருக்கும். முழ நீளம், கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை ஓடிவிடும்.

காப்ளர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மைதா பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருந்தது. ஓவனில் நாற்பது நிமிஷம் என்று போட்டிருந்தார்கள். என்னிடம் ஓவன் இல்லை, நாற்பது நிமிஷமும் இல்லை. அதனால் வாணலி.

ஆப்பிள் இரண்டு, பிளம்ஸ் நாலு. தோலை எடுக்காதே. பெரிய துண்டாக நறுக்கு. இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் வெண்ணெய் உருகியதும் பழம், நாலு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். சாறு விடட்டும். ஒரு கப் மைதாவில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துவிடு. அரை கப் பால் ஊற்றிக் கரண்டியால் ஒரு கலக்கு. பிசையாதே. பிசைந்தால் செருப்பு அடித்தோல் மாதிரி வரும். கட்டி கட்டியாக அள்ளிப் பழத்தின் மேல் போட்டு மூடு. பன்னிரண்டு நிமிஷம் கழித்து ஒரு தட்டை மேலே கவிழ்த்து மொத்தத்தையும் புரட்டி, இன்னொரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு மாவுப் பக்கத்தை முறுகப் பொரித்து எடு. அவ்வளவுதான். நீ காலேஜ் முடித்தவள் என்று கேள்விப்பட்டேன். படித்தவர்களுக்கும் வரும்.

இதற்குக் கூலி உண்டு. அடுத்த கடிதத்தில் அவள் அளவு எழுது. மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால் வரை. அங்குலத்தில். மாதம் ஒரு மணி நேரம் கோர்ட் அறையில் அவளைக் காட்டுகிறார்களே, போன முறை அங்கே டேப்பை எடுத்தேன். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருக்கும் அம்மா, "இதெல்லாம் வெளியில வச்சுக்குங்க" என்று பையையே வாங்கி வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் அளவு எடுத்துத் தைக்கிறேன். என் பிள்ளையின் இடுப்பு எத்தனை என்று இன்னொருத்தியிடம் கேட்கிறேன். சந்தோஷமாக இருக்கும் உனக்கு. இருக்கட்டும்.


மார்ச் 16

அக்கா (மன்னிக்கவும், வேறு வார்த்தை எனக்கு வரவில்லை),

நீங்கள் எழுதியது எழுதியபடி செய்தேன். பிசையவில்லை. தோலை எடுக்கவில்லை. புரட்டும்போது கையில் சூடு பட்டது, அது என் தப்பு. வீடு முழுக்க வெண்ணெய் மணம். நானே இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அவள் சாப்பிடவில்லை. ஸ்பூனால் புரட்டிப் புரட்டி அடியில் எதையோ தேடினாள். பிறகு எழுந்து போய் அடுப்பின் மேல் இருந்த வாணலியை எட்டிப் பார்த்தாள். "கீழ ஒண்ணுமே இல்லையே" என்றாள். கீழே என்ன இருக்கணும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடியில் வேறு ஏதோ போடுவீர்கள் போலிருக்கிறது. அதை எழுத மறந்துவிட்டீர்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம். மறந்திருந்தால் மறந்தது, மறைத்திருந்தால் அதுவும் எனக்குப் புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் மறைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அவள் பட்டினி கிடப்பது என்னைப் பழிவாங்குவது ஆகாது, இல்லையா?

அளவு: மார்பு இருபத்து மூன்று. இடுப்பு இருபத்தொன்றரை. தோளிலிருந்து முழங்கால் வரை இருபத்து நான்கு. டேப் வைத்ததும் கையை இரண்டு பக்கமும் விரித்து அசையாமல் நின்றாள். யாரோ பழக்கியிருக்கிறார்கள்.


மார்ச் 20

அடியில் ஒன்றும் போடுவதில்லை.

வேண்டுமானால் உலர்திராட்சை போட்டுப் பார். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை போடு. ஒருவேளை வாணலி புதுசோ என்னவோ. புது வாணலியில் எதுவும் பிடிக்காது. புதுக் குடித்தனமும் அப்படித்தான், எதுவும் ஒட்டாது, எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். பழகிய பிறகு பார்.

நான் மறைத்தேன் என்கிறாய். மறைக்க என்னிடம் என்ன மிச்சம்? புருஷனை எடுத்துக்கொண்டாய், கேட்டேனா? பிள்ளையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். இப்போது பலகாரத்தையும் எழுதி வாங்கிவிட்டு, அதில் ருசி குறைகிறது என்று புகார். கடையில் இப்படிச் சில பேர் வருவார்கள். அடுத்தவளுக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, எனக்கு ஏன் சரியாக இல்லை என்பார்கள்.

இடுப்பு இருபத்தொன்றரை என்பதைத் திரும்ப எடு. நவம்பரில் இருபத்து மூன்று. நீ டேப்பை இறுக்கிப் பிடித்திருப்பாய். தெரியாதவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். உள்ளே ஒரு விரல் போகணும்.


ஏப்ரல் 2

அக்கா,

ஒரு விரல் விட்டுத்தான் எடுத்தேன்.

திராட்சை போட்டேன். பழுப்புச் சர்க்கரை போட்டேன். தாமிரத் தகடு மாதிரி பளபளத்த புது வாணலியைத் தூக்கி வைத்துவிட்டு என் அம்மா வீட்டிலிருந்து பழைய வாணலியை வாங்கி வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஸ்பூனால் புரட்டிப் பார்ப்பாள். "இல்ல" என்பாள். அவ்வளவுதான்.

இப்போது தண்ணீரும் பிஸ்கட்டும்தான். நேற்று பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று ஆள் அனுப்பினார்கள். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொந்த அம்மாவா?" என்றார். இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தத் தலையாட்டலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து டாக்டர் சீட்டைப் படித்தார். ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பாவாடை நழுவுகிறது. இன்று காலை அவளை நிற்க வைத்து இடுப்பில் ஊசி குத்திப் பிடித்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது. இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு மேல் உங்களிடம் கெஞ்ச எனக்குத் தெரியவில்லை.


ஏப்ரல் 5

இரண்டு அங்குலம் என்று படித்ததும் எழுந்து கடைக் கதவைச் சாத்திவிட்டேன். கையில் இருந்த வேலை அப்படியே கிடக்கிறது. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் துணியைப் பிரித்து விடணும், பிடிக்கக் கூடாது.

சொல்கிறேன். அவள் தேடுவது கருப்பு.

நான் அதை ஒரு நாளும் கருகாமல் எடுத்ததில்லை. அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமைதான் அவசர உருப்படிகள் வரும். திங்கள் காலையில் கொடுக்கணும். வாணலியை மூடி வைத்துவிட்டு முன்னறையில் மெஷினில் உட்காருவேன். அவளை அடுப்புக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்து, கருப்பு வாசனை வந்தால் கூப்பிடு என்று சொல்லியிருந்தேன். அஞ்சரை வயசு. அதுதான் அவளுடைய உத்தியோகம். சரியான நேரத்துக்குக் கூப்பிட மாட்டாள், திருட்டுக் கழுதை. அடியில் சர்க்கரையும் பழத்தோலும் கருகி ஒட்டிக்கொண்டால்தான் அவளுக்குப் பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே தாமதித்துக் கூப்பிடுவாள். "அம்மா, கருப்பு வந்துடுச்சி!" நான் ஓடுவேன். மேலே இருப்பதை நான் தின்பேன். அவள் வாணலியை மடியில் வைத்துக்கொண்டு கருப்பைச் சுரண்டித் தின்பாள். பல்லெல்லாம் கருப்பாக இருக்கும்.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். உன் புருஷன் ஞாயிறுதோறும் பிள்ளையைப் பார்க்க வருவார். சமையலறைக் கதவோரம் நின்று தண்ணீர் கேட்டுக் குடிப்பார். நல்ல மாதிரிதான் பேசுவார். ஒரு நாள் என் வாணலியைக் காணவில்லை. மாடி வீட்டுக்காரி இரவல் வாங்கிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அது கோர்ட் மேஜை மேல் இருந்தது. பாலிதீன் உறைக்குள், கயிற்றில் ஒரு அட்டை கட்டி. தேதி, எடை, சேதத்தின் தன்மை எல்லாம் அவர் கையெழுத்தில். என் வாணலியை நான் கழுவி வைத்ததைவிட அழகாக அவர் கழுவாமல் வைத்திருந்தார்.

கூண்டில் நின்று, அது வாங்கும்போதே அப்படி இருந்த பழைய வாணலி, என் பிள்ளை அடுப்புப் பக்கம் போனதே இல்லை என்று சத்தியம் செய்து சொன்னேன். நீதிபதியம்மா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அதனால்தான் ஏப்ரல் வரைக்கும் தள்ளி வைத்தார்கள். ஆகவே நீ கையில் வைத்திருப்பது என் கழுத்து.

பன்னிரண்டு நிமிஷத்தில் எடுக்காதே. இருபது விடு. அவளை ஸ்டூலில் உட்கார வை. நீ அந்த இடத்தில் நிற்காதே. நின்றால் அவளுக்கு அது விளையாட்டாக இருக்காது. கூப்பிட்ட பிறகு போ. சுரண்ட மர ஸ்பூன் கொடு.

படித்ததும் இந்தத் தாளை அதே அடுப்பில் போடு.


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டாள்.

ஸ்டூலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று என்னை விரட்டினாள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு படுக்கையறையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு. எனக்குப் புகை நாற்றமே வந்துவிட்டது, அவள் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிஷம், "கருப்பு வந்துடுச்சி!" என்று ஒரு கத்தல். இந்த வீட்டில் அவள் குரலை அவ்வளவு பெரிதாக அன்றுதான் கேட்டேன். பையன் திடுக்கிட்டு அழுதான், பிறகு சிரித்தான்.

வாணலி முழுவதையும் சுரண்டினாள். பிறகு, பசிக்கிறது என்று சொல்லி மிச்சத்தையும் சாப்பிட்டாள். ராத்திரி சோறு கேட்டாள். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். இடுப்பில் குத்திய ஊசியை எடுத்துவிட்டேன்.

கடிதத்தை எரித்துவிட்டேன். கவலை வேண்டாம்.


ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

எழுதிவிட்டேன், இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

பல் கருப்பாக இருந்ததா என்று நீ எழுதவில்லை. இருந்திருக்கும்.

ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டுத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், பிரித்துப் பெரிசாக்கலாம். இருபத்து நாலாம் தேதி அவளுக்கு அதைப் போட்டு அனுப்பு. கடைக்கு மேலே என் அறையில் ஜன்னலோரம் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். வெட்டுமேஜையை இந்தப் பக்கம் நகர்த்தினால் அவள் புத்தகம் வைக்க இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை எடுப்பதில்லை என்று போர்டு மாட்டிவிட்டேன்.

அவள் இங்கே வந்த பிறகு லீவு நாளில் உன் பையனைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குக் குழந்தை என்றால் பிடிக்கும்.

நான் யாருக்கும் நன்றி எழுதிப் பழகியதில்லை. கவுனைப் பிரித்துப் பார், தையல் எப்படி இருக்கிறதென்று. அதுதான்.


ஏப்ரல் 26

அக்கா,

எங்கள் வக்கீல் உங்கள் கடிதத்தை எடுத்தபோது நீங்கள் அவரையும் பார்க்கவில்லை, நீதிபதியம்மாவையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் முழங்கைக்குக் கீழே நூல் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுதத் தோன்றியிருக்காது.

எரிக்கத்தான் நினைத்தேன். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு மைதா டப்பாவின் அடியில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று. நான் எதையும் உடனே தூக்கிப்போடுகிற ஆள் இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் அவள் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். மர ஸ்பூனை உள்ளே வைத்தாள். "அம்மா வீட்டுல வாணலி இருக்குமா? இல்ல நம்ம வாணலிய எடுத்துட்டுப் போவோமா?" என்றாள். நம்ம வாணலி என்றாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு இரண்டு வாரம் ஆகிறது, எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, புடவையைப் பிடித்து இழுப்பாள். டாக்டர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. நீங்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர் மாலை வந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். அவள் வந்ததிலிருந்து அந்தக் கண் பாதி நேரம் அவள் மேல் இருக்கிறது. அவள் போய்விட்டால் இங்கே பார்ப்பதற்கு நானும் என் பையனும்தான் மிஞ்சுவோம். அதை உங்களிடம்தானே சொல்ல முடியும்.

அன்று இரவு அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "நல்ல வேலை பண்ணியிருக்கே" என்றார். கல்யாணமாகி அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

நீங்கள் பொய் சொன்னதைத்தான் நீதிபதியம்மா பெரிதாக எடுத்துக்கொண்டார். உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. இனி இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பார்க்கலாம் என்று ஆனதில் எனக்கும் வருத்தமே.

கவுன் அவளுக்குக் கச்சிதமாக இருக்கிறது. நான் வாங்கியது என்று சொல்லியிருக்கிறேன். வீணாகக் குழம்பக் கூடாது பாருங்கள்.

பட்டாணி நன்றாக இருக்கிறாள்.


மே 9

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் திட்டி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். திட்டினால் பிள்ளையின் வயிறு நிறையுமா?

அவள் உன்னிடம்தான் இருக்கப் போகிறாள் என்று ஆகிவிட்டது. நன்றாகச் செய்து போடு. ஒரு ஞாயிறும் விடாதே. விட்டால் பழையபடி தட்டைத் தள்ளுவாள். இருபத்திரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தாய், போதாது. இருபத்தைந்து வை. கருப்பு தடிமனாக, பொறுக்காகப் பேர்ந்து வரணும். ஜன்னலைத் திறக்காதே. வாசனை வீட்டில் நின்றால்தான் அவளுக்கு ருசி. ஸ்டூலை மாற்றாதே, அதே இடத்தில் போடு. நீ பையனை எடுத்துக்கொண்டு படுக்கையறையிலேயே இரு, பாதியில் வந்து எட்டிப் பார்த்தால் அவள் ஆட்டம் கலைந்துவிடும். வாணலியை உடனே தேய்க்காதே, ஊறட்டும், காலையில் தேய்த்தால் சுலபம்.

வாசனை வந்து அவர் கேட்டால் மறைக்க வேண்டாம். "அவளுக்குப் பிடிக்கும்" என்று சொல். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் எதையும் வாயால் சொல்கிற ஆள் இல்லை.

நீ கெட்டிக்காரி. எனக்கு இரண்டு வருஷம் ஆனது, நீ ஒரே மாதத்தில் பிடித்துவிட்டாய்.


ஜூலை 19

அக்கா,

பெரிய வாணலியைக் காணவில்லை.

ஞாயிறு ராத்திரி ஊறப் போட்டேன். திங்கள் காலை தொட்டியில் இல்லை. பல் மருத்துவமனைப் பெண்ணிடம் கேட்டேன், அவள் வாங்கவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. அவரிடம் கேட்டேன். "நல்லாப் பாரு, எங்கயாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக் கதவோரம் வந்து நின்று தண்ணீர் கேட்டுக் குடித்தார். எப்போதும் அவரே எடுத்துக் குடிப்பவர். நேற்று அவர் மேஜையைத் துடைக்கும்போது பார்த்தேன், கயிறு கோத்த அட்டைக் கட்டு புதிதாகப் பிரித்திருக்கிறது. மேலே ஒன்றை மட்டும் காணோம். இப்போதெல்லாம் வராண்டாவில் நின்றுகொண்டு போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் அப்படிப் பேசியிருக்கிறார்.

பட்டாணியிடம் கேட்டிருக்கிறார், அடுப்பில் வாணலி இருக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று. அவளுக்கு என்ன தெரியும்? "தம்பியத் தூக்கிட்டுக் கதவச் சாத்திக்குவாங்க, நான்தான் பாத்துக்குவேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடமும் பெருமையாகத்தான் வந்து சொன்னாள்.

பையனுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகவில்லை. நான் வேலைக்குப் போகாதவள். எனக்கென்று வக்கீல் யார்?

உங்களிடம் கேட்க எனக்கு வாயில்லை, தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாணலி காணாமல் போன நாளிலிருந்து அது கோர்ட்டுக்கு வர எவ்வளவு நாள் ஆனது? நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை.


ஜூலை 24

மூன்று மாதம்.

பையனின் அளவை இப்போதே எடுத்து வைத்துக்கொள். மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால் வரை. அங்குலத்தில்.